கலந்துவாழ்வோர் சங்கம்

நோரிஸ் கேப்ஸ்டிக் உள்ளூர் மக்களோடு சரிவரக் கலந்து வாழவில்லை என்று எங்கள் சங்கத்தின் செயற்குழு கூடிக் குற்றம் சாட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவர் பக்கத்து வீட்டு அர்மானின் மாட்டுத் தொழுவத்தில் முட்டிபோட்டு, பசுவின் வயிற்றுக்குள் தலைமாறிக் கிடந்த ஒரு கன்றின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். ஆகையால் அவரால் நேரில் வந்து தம் தரப்பைச் சொல்ல முடியவில்லை. வராததும் குற்றத்தோடு சேர்ந்துகொண்டது.

சங்கத்தின் முழுப்பெயர் ‘சேன்-மோரில் வட்டார ஆங்கிலேயர் கலந்துவாழ்வோர் சங்கம்’. இங்கிலாந்தை விட்டு பிரான்சின் இந்தப் பட்டிக்காட்டுக்கு வந்து, இடிந்த பண்ணைவீடுகளை வாங்கி, அவற்றின் கூரையைச் செப்பனிடுவதிலேயே ஓய்வுக்காலத்தைக் கழிக்கும் எங்களைப் போன்றவர்கள், உள்ளூர்ப் பிரெஞ்சு மக்களோடு பாலும் நீரும்போலக் கலந்துவிட வேண்டும் என்பது அதன் ஒரே நோக்கம். உறுப்பினர் எல்லோரும் ஆங்கிலேயர். பிரெஞ்சுக்காரர்களையும் சேர்த்துக்கொண்டால் என்ன என்று ஒருமுறை பேச்சு வந்தது. அவர்கள் வந்து உட்கார்ந்தால் கூட்டத்தில் பிரெஞ்சு பேச வேண்டியிருக்கும், அப்புறம் கலந்துவாழ்வதைப் பற்றி நிம்மதியாக விவாதிக்க முடியாது என்று அந்தத் தீர்மானம் தோற்றது.

சங்கம் சும்மா இருக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டார்ட்ஸ் போட்டி, வியாழக்கிழமை பிரெஞ்சு வகுப்பு, சனிக்கிழமை பொரித்த மீனும் உருளைக்கிழங்கும், மாதக் கடைசியில் இங்கிலாந்து அரச குடும்பத்தைப் பற்றி வினாடி வினா. இவையெல்லாம் உள்ளூர்க் கலப்பு நிகழ்ச்சிகள். இவற்றுக்குத் தொடர்ந்து வராதவர் கலக்காதவர்.

நோரிஸ் ஹாலிஃபாக்ஸ் நகரத்தில் பஸ் ஓட்டியவர். ஓட்டுநரோடு பேசக் கூடாது என்ற அறிவிப்பின் கீழேயே வாழ்நாளைக் கழித்ததாலோ என்னவோ, அவருக்குப் பேச்சே வராது. அவர் மனைவி கிளெனிஸ் நேர்மாறு. முடிதிருத்தகத்தில் வேலை பார்த்தவர். ஒரு தலையை முடிப்பதற்குள் அந்தத் தலைக்குரியவரின் மூன்று தலைமுறைச் சங்கதியையும் கறந்துவிடுவார். இந்த ஊரில் அவருக்குப் பிரெஞ்சும் வரவில்லை, கறக்க ஆளும் இல்லை. சங்கத்துப் பெண்கள்தான் அவருக்கு மூச்சு. அதனால், ரொட்டிக்கடை வரிசையில் பண்பாட்டுச் செயலாளர் டாஃப்னி கிரிம்ஷா பக்கத்தில் வந்து நின்று செய்தியைச் சொன்னபோது கிளெனிஸின் முகம் வெளிறிவிட்டது.

“எனக்கே சங்கடமா இருக்கு கிளெனிஸ். உன் புருஷன் கலக்கவே மாட்டேங்குறார். விசாரணைக்கு வரலைன்னா உங்க ரெண்டு பேரையும் நீக்கிடுவாங்க. அப்புறம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வர முடியாது, தெரியுமில்ல?”

வீட்டுக்கு வந்ததும் கிளெனிஸ் ரொட்டியை மேசைமேல் போட்டார்.

“ஏய் கிழவா, நீ கலக்கலையாம்.”

“எதுல?”

“பிரெஞ்சுக்காரங்களோட.”

நோரிஸ் தம் சட்டைக் கையைப் பார்த்தார். அதில் அர்மானின் பசு இன்னும் காய்ந்துகொண்டிருந்தது. “இப்ப நான் என்ன பண்ணணும்?”

“குளி. அப்புறம் போய் மன்னிப்புக் கேளு. உனக்கு அந்தக் கிழவர் இருக்கார், அவர் மாடு இருக்கு. எனக்கு யாரு இருக்கா, சொல்லு?”

நோரிஸ் குளிக்கப் போனார்.

விசாரணை பழைய தபால் நிலையத்தின் பின்னறையில் நடந்தது. தலைவர் ரூபர்ட் வெதரால் நடுவில் அமர்ந்திருந்தார். அவர் இங்கிலாந்தில் ஒரு மாவட்டத்தின் சாலைத் துறையில், ‘மாற்றுப் பாதையில் செல்லவும்’ என்ற பலகைகளுக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தப் பேச்சையும் அது போகவேண்டிய இடத்துக்கு நேரே போக விடமாட்டார்.

“போன வியாழக்கிழமை பிரெஞ்சு வகுப்புக்கு ஏன் வரல நோரிஸ்?”

“அர்மான் வீட்ல பசு கன்னு போட்டுச்சுங்க.”

“அர்மான் யாரு? நம்ம உறுப்பினரா?”

“இல்லீங்க. பிரெஞ்சுக்காரர்.”

வெதரால் செயற்குழுவின் மற்ற இருவரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார். “அதுக்கு முந்தின சனிக்கிழமை?”

“வேட்டைக்காரங்க விருந்து. பன்னிக்கறி. மேயரே கூப்பிட்டாரு.”

“வினாடி வினா அன்னிக்கு?”

“அர்மானோட காட்டுல செஸ்ட்நட் கொட்டை பொறுக்கப் போயிருந்தேன். ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் வந்திருந்தாங்க. பாட்டுகூடப் பாடினாங்க.”

“ஆக,” என்று வெதரால் விரல்களைக் கோத்துக்கொண்டார், “பிரெஞ்சுக்காரங்களோட எப்படிப் பழகுறதுன்னு நாங்க இங்க உக்காந்து மண்டையை ஒடைச்சிட்டிருக்கோம். நீங்க பாட்டுக்கு யாரையும் கேக்காமப் போய்ப் பழகிட்டிருக்கீங்க.”

“பழகணும்னு பழகலைங்க. பக்கத்து வீடு.”

“அங்கதான் நோரிஸ் ஆபத்து இருக்கு. திட்டமில்லாமப் பழகுறது. நாளைக்கு எல்லாரும் இப்படி ஆளாளுக்குப் பழக ஆரம்பிச்சா, சங்கம் எதுக்கு?”

டாஃப்னி குறுக்கிட்டார். “அதோட, இவரோட உச்சரிப்பு கெட்டுப் போயிருக்கு தலைவரே. வகுப்புல நான் சொல்லிக்கொடுத்தது ஒண்ணு, இவர் சொல்றது ஒண்ணு. அந்த விவசாயி மாதிரியே பேசுறார்.”

டாஃப்னியின் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் சோம்பலால் பாதி எழுத்தை விழுங்கிவிடுகிறார்கள், எழுதியதை எழுதியபடி முழுசாகச் சொல்வதுதான் நாகரிகம் என்பது அவர் கொள்கை. ‘போன்ழூர்’ என்று ஊரே சொல்லும் வணக்கத்தை அவரிடம் படித்த நாங்கள் ‘பொன்ஜவர்’ என்று சொன்னோம். ரொட்டிக்கடைக்காரி எங்களைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் கையில் கிடைத்த ரொட்டியை எடுத்து நீட்டிவிடுவாள். எங்கள் பிரெஞ்சு அவ்வளவு சரளமாகிவிட்டது என்று நாங்கள் நம்பினோம்.

நோரிஸை உடனே நீக்கவில்லை. அவருக்கு ஒரு வாய்ப்பு தரப்பட்டது. அடுத்த மாதக் கூட்டத்தில் ‘என் பிரெஞ்சு அண்டைவீட்டார்’ என்ற தலைப்பில் அவர் பேச வேண்டும். பேச்சிலிருந்து அவர் எவ்வளவு கலந்திருக்கிறார் என்று செயற்குழு முடிவு செய்யும்.

அந்தக் கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தோம். நோரிஸ் கோட்டு போட்டு வந்தார். அர்மான் எழுபது தாண்டியவர், மாடு வளர்க்கிறவர், நல்லவர் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். முதல் குளிர்காலத்தில் தம் வீட்டுக் குழாய் உறைந்தபோது அவர் வந்து சரிசெய்ததைச் சொன்னார். யாரோ கொட்டாவி விட்டார்கள். டாஃப்னி கடிகாரத்தைப் பார்த்தார். கிளெனிஸ் மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸைத் தவறவிட்டவர்போல உட்கார்ந்திருந்தார்.

“அவர் தெனம் சாயங்காலம் எங்க வீட்டுக்கு டீ குடிக்க வருவாரு,” என்றார் நோரிஸ். “கதவைத் தட்டமாட்டாரு. தொப்பியையும் எடுக்கமாட்டாரு. டீயைக் குடிக்கும்போது மூஞ்சி, பேதிக்கு மருந்து குடிக்கிற மாதிரி இருக்கும்.”

ஒரு மூலையில் சிரிப்பு கேட்டது. நோரிஸ் திடுக்கிட்டுப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் பேசி யாரும் சிரித்ததில்லை. அர்மான் டீ குடிக்கும் முகத்தை அவர் செய்து காட்டினார். அறையே சிரித்தது. டாஃப்னி கிளெனிஸின் தோளைத் தட்டினார். கிளெனிஸ் முகம் விளக்கு போட்டதுபோல மலர்ந்தது. அந்த முகத்தை நோரிஸ் பார்த்தார். பார்த்திருக்க வேண்டாம்.

“இன்னொண்ணு இருக்கு,” என்றார்.

அர்மானின் மனைவி இவெத் இறந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் மதியம் இரவல் வாங்கிய ரம்பத்தைத் திருப்பிக் கொடுக்கப் போன நோரிஸ், தொழுவத்துக் கதவு திறந்திருப்பதைப் பார்த்தார். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அர்மான் யார் எதிரிலும் கழற்றாத தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, தொழுவம் பெருக்கும் துடைப்பத்தின் இடுப்பில் கைகொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார். நோரிஸ் சத்தம் போடாமல் திரும்பிவிட்டார். கிளெனிஸிடம்கூட அதைச் சொல்லவில்லை.

இப்போது எங்களிடம் சொன்னார். சொன்னது மட்டுமல்ல, மூலையில் சாத்தியிருந்த பில்லியர்ட்ஸ் கோலை எடுத்து, அதன் கன்னத்தில் கன்னம் வைத்து ஆடியும் காட்டினார். நாற்காலிகள் அதிர்ந்தன. ஒருவருக்குப் புரையேறியது. வெதரால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து, “இது! இதுதான் கலப்பு! ஒரு பிரெஞ்சுக்காரனை இவ்வளவு கிட்டத்துல பார்த்தவங்க நம்மள்ல யாரு இருக்கா?” என்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது கிளெனிஸ் நோரிஸின் கையைக் கோத்துக்கொண்டார். “டாஃப்னி என்னை அவங்க வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கா. நீ இப்படிப் பேசுவேன்னு எனக்கே தெரியாது போ!” கொஞ்சதூரம் போனபின் கேட்டார்: “அதை எப்ப பாத்த? எங்கிட்ட ஏன் சொல்லல?”

“சொல்ற மாதிரி விஷயமா அது?” என்றார் நோரிஸ். சொன்னபிறகுதான் அந்தக் கேள்வி அவர் காதிலேயே விழுந்தது.

மறுநாள் மாலை அர்மான் வழக்கம்போலத் தட்டாமல் வந்து உட்கார்ந்தார். நோரிஸ் டீயை வைத்துவிட்டு, ஜன்னல் தாழ்ப்பாளில் ஏதோ கோளாறு இருப்பதாக அதையே திருகிக்கொண்டு நின்றார். “என்ன நொரி, வயிறு சரியில்லையா?” என்று அர்மான் கேட்டார். பிரெஞ்சுக்காரர் வாயில் நோரிஸின் கடைசி எழுத்து நிற்காது. நோரிஸ் வயிறு சரியில்லை என்றார். அன்று இரவே அர்மான் தம் வீட்டிலிருந்து ஏதோ கசப்பு வேர் ஊறிய சாராயத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

துடைப்பக் கதையின் வெற்றியைக் கண்ட வெதரால் அத்தோடு விடவில்லை. இவ்வளவு ஆழமான கலப்பை உள்ளூர்க்காரர்களும் அறிய வேண்டாமா? ‘நட்பு நாள்’ கொண்டாடுவது என்று செயற்குழு முடிவு செய்தது. ஊர்ப் பொது மண்டபத்தில், ஊர்க்காரர்களையே விருந்தாளிகளாக அழைப்பது. அவர்கள் வழி தெரியாமல் தவிக்கக் கூடாது என்று, அவர்கள் கல்யாணம் செய்துகொண்ட மண்டபத்துக்கு அவர்கள் தெருவிலேயே அம்புக்குறி போட்ட பலகைகளை வெதரால் ஆங்கிலத்தில் நட்டார். ஊர்க்காரர்கள் அவற்றைச் சுற்றி நின்று வெகுநேரம் யோசித்தார்கள். சாலை வேலை நடக்கப்போகிறது என்று நினைத்து ஒருவர் தம் டிராக்டரை வேறு வழியாக ஓட்டிப் போனார்.

“அந்தத் துடைப்பக் கதை வேண்டாங்க,” என்று நோரிஸ் வெதராலிடம் போய்க் கெஞ்சினார். “அர்மான் வருவாரு.”

“வரணும்! அவருக்குப் பெருமையா இருக்கும்ல?”

“அவர் பொண்டாட்டி செத்துப்போச்சுங்க.”

“அதனாலதான் சொல்றேன், மனுஷன் கொஞ்சம் சிரிக்கட்டும். நம்ம நகைச்சுவைதான் நோரிஸ் நாம இந்த நாட்டுக்குக் குடுக்குற கொடை. நம்ம சமையலைக் குடுக்க முடியாதில்ல.”

நட்பு நாளன்று மண்டபம் நிறைந்துவிட்டது. அர்மான் முதல் வரிசையில், சாவு வீட்டுக்கும் தேர்தலுக்கும் மட்டும் போடும் கறுப்புக் கோட்டும் டையும் அணிந்து உட்கார்ந்திருந்தார். வெதரால் பேச, டாஃப்னி மொழிபெயர்த்தார். ஊர்க்காரர்கள் மரியாதையாகக் கேட்டார்கள். சற்று நேரம் கழித்து மேயர் பக்கத்திலிருந்தவரிடம், “அந்த அம்மா பேசுறது என்ன பாஷை? டச்சா?” என்று கேட்டார். பிறகு எழுந்து, அம்மையாருக்குக் களைப்பாக இருக்கும் என்று நாசூக்காகச் சொல்லி, தம் அலுவலகச் செயலாளர் சில்வியேனை மேடைக்கு அனுப்பினார்.

சில்வியேனை எங்கள் எல்லோருக்கும் தெரியும். வரி, கார், கழிவுநீர்த் தொட்டி என்று எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் மேசை முன்னால்தான் போய் நிற்போம். இளவயதில் லண்டன் ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்தவர். ஆங்கிலம் எங்களில் பலரைவிட நன்றாகப் பேசுவார். அவர் அர்மானின் மகள். அதைத் தெரிந்துகொள்ள நோரிஸையும் கிளெனிஸையும் தவிர எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

வெதரால் தொடர்ந்தார். “நாங்க வந்தேறிகள் இல்ல. வந்தேறின்னா பொழைப்புத் தேடி வர்றவன். நாங்க ஒரு பொழைப்பும் இல்லாம வந்தவங்க.”

சில்வியேன் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் பிரெஞ்சில் சொன்னார். மண்டபத்தின் பின்பக்கம் சிரிப்பு எழுந்தது.

“எங்க நாட்டுல வெளியாளுங்க வந்து குமிஞ்சுட்டாங்க. அவங்க பாஷையத்தான் பேசுவாங்க. அவங்க சாப்பாட்டைத்தான் திம்பாங்க. அவங்களுக்குள்ளயே ஒரு சங்கம் வெச்சுக்கிட்டு அந்தச் சங்கத்துக்குள்ளயே கிடப்பாங்க. அதைச் சகிக்க முடியாமத்தான் நாங்க இங்க வந்தோம்!”

சில்வியேன் அதையும் அப்படியே சொன்னார். ஊர்க்காரர்கள் தரையில் காலை உதைத்துச் சிரித்தார்கள். மேயர் எழுந்து நின்று கைதட்டினார். இவ்வளவு பெரிய நகைச்சுவையாளர் தங்கள் ஊரில் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவர்களுக்கு வியப்பு. வெதரால் நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தார். நாங்களும் தட்டினோம்.

பிறகு நோரிஸை அழைத்தார்கள்.

நோரிஸ் செஸ்ட்நட் பொறுக்கியதைப் பற்றி ஆரம்பித்தார். “துடைப்பம்!” என்றார் டாஃப்னி. எங்கள் மேசைகளிலிருந்து எல்லோரும் பிடித்துக்கொண்டோம்: “துடைப்பம்! துடைப்பம்!” வெதரால் பின்னாலிருந்து அவர் தோளில் கைவைத்தார். நோரிஸ் கிளெனிஸைப் பார்த்தார். கிளெனிஸ் இப்போது சிரிக்கவில்லை. சில்வியேனைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று தலையை லேசாக அசைத்தார். ஆனால் பல்லாண்டுகள் பஸ் ஓட்டியவருக்குப் பயணிகள் கத்தும்போது வண்டியை எடுத்துத்தான் பழக்கம்.

“எங்க பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்…”

“பேரைச் சொல்லுங்க!” என்றார் வெதரால்.

“அர்மான்.”

தம் பெயர் கேட்டதும் அர்மான் முதல் வரிசையில் கையை உயர்த்தினார். இரண்டு பக்கமும் திரும்பித் தலையாட்டிக்கொண்டார். அவர் காதுமடல்கள் சந்தோஷத்தில் சிவந்திருந்தன.

நோரிஸ் சொன்னார். டீயைச் சொன்னார், ரேடியோவைச் சொன்னார், துடைப்பத்தைச் சொன்னார். ஆடிக் காட்டவில்லை. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. ஆனாலும் எங்கள் மேசைகள் சிரிக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிரித்தன. கதை எங்களுக்கு மனப்பாடம். முடித்ததும் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சில்வியேன் நோரிஸைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, மண்டபத்தைப் பார்த்து, பிரெஞ்சில் பேசத் தொடங்கினார்.

துடைப்பத்துக்கு பிரெஞ்சில் ‘பலே’ என்று பெயர். தொழுவம் பெருக்கும்போது அர்மான் சொல்லிக்கொடுத்த சொல். அந்தச் சொல் இப்போது வரும், இப்போது வரும் என்று நோரிஸ் கண்ணை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. குளிர்காலம் என்று ஒரு சொல் வந்தது. குழாய் வந்தது. டீ வந்தது, ஊர்க்காரர்கள் மெல்லச் சிரித்தார்கள். அப்புறம் சகோதரன் என்று ஒரு சொல் வந்தது. மண்டபம் அமைதியாகிவிட்டது.

அர்மான் எழுந்தார். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்து, நோரிஸை இரண்டு கைகளாலும் சேர்த்துப் பிடித்து, இரு கன்னத்திலும் முத்தமிட்டார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது. ஊரே எழுந்து நின்று கைதட்டியது. நோரிஸ் தம் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல், கட்டிப்போட்டவர்போல நின்றார்.

“பாத்தீங்களா?” என்று வெதரால் எங்கள் பக்கம் குனிந்து சொன்னார். “சிரிச்சுச் சிரிச்சு அழுவுறான்!”

கூட்டம் கலையும்போது நோரிஸ் சில்வியேனிடம் போனார். சில்வியேன் மேசை விரிப்பை மடித்துக்கொண்டே ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார்:

“எங்கப்பா அம்மாவோட ஆடி நான் பாத்ததே இல்ல, முசியே கேப்ஸ்டிக். அம்மா போனப்புறம் ஆடுறார்னு இன்னிக்குத்தான் தெரியும். உங்க வாயால கேட்டேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்தாங்க.”

விரிப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நோரிஸ் எப்படியோ சமாளித்திருப்பார். மறுநாள் மாலை அர்மான் வந்து, டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “ஞாயித்துக்கிழமை என் வீட்ல சாப்பாடு. கிளெனிஸையும் கூட்டிட்டு வா. என் தங்கச்சி ஒடெத் வர்றா. நேத்து அவ வரலை பாவம். நீ சொன்னதை அவளுக்கு ஒருதரம் சொல்லணும், நொரி. அப்படியே சொல்லணும், தெரியுதா? நம்ம பாஷையில,” என்றார்.

இரண்டு நாள் கழித்து நோரிஸ் ஊர் அலுவலகத்தில் சில்வியேனின் மேசை முன்னால் நின்றார்.

“நான் என்ன சொன்னேன்?” என்று கேட்டார்.

சில்வியேன் நிமிர்ந்து பார்த்தார். நோரிஸ் ஞாயிற்றுக்கிழமைச் சங்கதியைச் சொல்லி முடித்ததும், அவர் உதட்டில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. சிரிப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

“இந்த ஊருக்கு வந்தப்ப எனக்கு யாரையும் தெரியாதுன்னு சொன்னீங்க. முதல் குளிர்காலத்துல உங்க குழாய் உறைஞ்சுபோச்சு, எங்கப்பா கூப்பிடாமலே வந்தார்னு சொன்னீங்க. உங்க டீ அவருக்குப் பிடிக்காது, ஆனாலும் தெனம் வந்து குடிக்கிறார்னு சொன்னீங்க. கூடப்பிறந்தவங்க இல்லாத எனக்கு இப்ப ஒரு சகோதரன் இருக்கார்னு சொன்னீங்க.”

“டீ நெஜமாவே பிடிக்காதா?”

“அது அவரே எங்கிட்டச் சொன்னது.”

நோரிஸ் தொப்பியைத் திருகினார். “இதெல்லாம் உண்மைதானே.”

“உண்மைதான். நீங்க சொல்லல, அவ்வளவுதான்.”

சில்வியேன் பிரெஞ்சில் ஒரு வாக்கியம் சொல்ல, நோரிஸ் திருப்பிச் சொன்னார். பின்னால் வரிசை நீண்டது. “என்ன சில்வியேன், இங்கிலீஷ்காரக் கிழவனுக்குக் காதல் வசனம் சொல்லிக்குடுக்குறியா?” என்று குழாய்க்காரர் ஒருவர் கேட்டார். “உனக்கும் சொல்லித்தரணும், உன் பொண்டாட்டி கேட்டா,” என்றார் சில்வியேன் திரும்பாமல். டாஃப்னியின் வகுப்பில் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து வராத பிரெஞ்சு, அந்த மேசை முன்னால் அவமானத்தில் நின்றபடி வந்தது.

இதற்கிடையில் செயற்குழு கூடி, நோரிஸுக்கு ‘கலப்புச் செம்மல்’ என்ற பட்டத்தை ஒருமனதாக வழங்கியது. பட்டமளிப்பும் விருந்தும் அதே ஞாயிறு மதியம். டாஃப்னி நேரில் வந்து சொன்னார். அர்மான் வீட்டில் சாப்பிடப் போகவேண்டியிருக்கிறது என்று நோரிஸ் முனகினார்.

“ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்காகக் கலப்புச் செம்மல் பட்டத்தை விடுறதா?” டாஃப்னி கிளெனிஸ் பக்கம் திரும்பினார். “கிளெனிஸ், நீயாவது சொல்லு.”

கிளெனிஸ் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டார். “டாஃப்னி, அன்னிக்கு அவர் ஆடிக் காட்டினப்ப நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாச் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதுல கேட்டுட்டிருக்கு. நாங்க வரல.” கதவை மெதுவாகத்தான் சாத்தினார். அதன்பிறகு நடந்ததை அவர்தான், நோரிஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, வெகுநாள் கழித்து, எங்களில் சிலருக்குச் சொன்னார்.

அர்மானின் மேசையில் ஐந்து தட்டுகள்தான். கன்றிறைச்சியும் காளானும் கொதித்துக்கொண்டிருந்தன. அதைச் சமைத்த தங்கை ஒடெத்துக்குக் காது மந்தம். கையைக் காதில் குவித்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். சில்வியேன் சட்டியோடு நின்றார். நோரிஸ் எழுந்தார்.

ஊருக்கு வந்ததைச் சொன்னார். குழாயைச் சொன்னார். பிரெஞ்சு பிசிறில்லாமல் வந்தது. அர்மான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டித் தங்கையைப் பார்த்துக்கொண்டார். டீயைச் சொன்னபோது மேசையைத் தட்டிச் சிரித்தார். அடுத்த வாக்கியம் சகோதரன். நோரிஸ் வாயைத் திறந்தார். அது வரவில்லை. மறந்துபோனதால் அல்ல.

சில்வியேன் சொல்லிக்கொடுக்காத பிரெஞ்சில், ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பிடித்து, அவர் சொன்னார்:

“நான் பாத்தது. தொழுவம். நீ ஆட்டம். பலேயோட. நான் போய் அவங்ககிட்ட சொன்னது. அவங்க சிரிச்சது. நான் சிரிக்க வெச்சது. அன்னிக்கு மண்டபத்துல நான் பேசினது அது. நல்லது எல்லாம் பேசினது உன் பொண்ணு. நான் இல்ல. எனக்கு வெக்கம், அர்மான். ரொம்ப வெக்கம்.”

“என்ன சொல்றான்?” என்றார் ஒடெத்.

சில்வியேன் சட்டியைக் கீழே வைக்கவில்லை. கிளெனிஸுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் கணவன் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. அர்மான் சட்டைப்பையிலிருந்து மடக்குக்கத்தியை எடுத்து ரொட்டியை அறுத்தார். ஒவ்வொருவர் தட்டின் பக்கத்திலும் ஒரு துண்டு வைத்தார். நோரிஸுக்கும் வைத்தார்.

“அன்னிக்குத் தொழுவத்து வாசல்ல நீ நின்னது எனக்குத் தெரியும், நொரி,” என்றார். “வெளிச்சம் மறைஞ்சுதே.”

கத்தியைத் துடைத்து மடக்கினார்.

“உள்ள வருவேன்னு நெனச்சேன்.”

நோரிஸ் நின்றுகொண்டே இருந்தார். உட்காரலாமா, வெளியே போய்விட வேண்டுமா என்று அவருக்குத் தெரியவில்லை.

“என்னதான் சொல்றான் அவன்?” என்று ஒடெத் அண்ணனின் கையைப் பிடித்து உலுக்கினார். “எனக்கு மட்டும் யாரும் ஒண்ணும் சொல்லமாட்டீங்களே!”

அர்மான் அவர் காதருகே குனிந்து, வீடு அதிரக் கத்தினார்: “உன் காளான் குழம்பு பிரமாதமாம்! இவ்வளவு ருசியா அவன் வாழ்நாள்ல சாப்பிட்டதே இல்லையாம்!”

ஒடெத்தின் முகம் பூத்தது. “இன்னும் வாயிலயே வைக்கலையே,” என்றார். “நல்ல பையன். உக்காரச் சொல்லு.” சில்வியேன் கையிலிருந்த சட்டியை வாங்கி, நோரிஸின் தட்டில் நிறையப் போட்டார்; பார்த்துவிட்டு, மேலும் ஒரு கரண்டி போட்டார். நோரிஸ் உட்கார்ந்து, தலையை நிமிர்த்தாமல், எல்லாவற்றையும் சாப்பிட்டார்.